திண்ணையும் திரையும்

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. அன்று வேறு வழியின்றி வீட்டுக்குள் நுழைந்த திரைக்கல்வியை இன்று விரும்பியே தேர்ந்தெடுக்கும் பெற்றோர் உளர். உயர்நிலைப் படிப்பை இணையவழியே முடித்துவிடலாமா என்னும் வினா நம் சமுதாயக் குடும்பங்களிலும் எழுகின்றது. அதனை எடுத்த எடுப்பில் எள்ளுவதும், புதுமையென்று தழுவுவதும் நமக்கு உடன்பாடன்று.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். இணையவழிப் பள்ளியென விளம்பரம் செய்வோரெல்லாம் சான்றிதழ் வழங்கும் உரிமை உடையவரல்லர்; அது கல்வி வாரியத்தின் உரிமை. 1989இல் நடுவணரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி அத்தகைய வாரியங்களுள் ஒன்று. 14 அகவை நிறைந்தவர் பத்தாம் வகுப்பு நிலையில் சேர்ந்து, ஐந்து பாடங்களை ஐந்தாண்டுக்குள் எழுதி முடிக்கலாம். எந்த வாரியத்தின் சான்றிதழ் என்று கேளாமற் கட்டணம் செலுத்தும் தந்தை, பெயர்ப்பலகையைப் பார்த்தே சரக்கு வாங்குபவராவார்.

திருமறையை மனனம் செய்வதற்கே சில ஆண்டுகளை ஈந்து ஹாஃபிழாகி வெளிவரும் மாணவர்க்கு இவ்வழி பெருங்கொடை. நோயுற்ற பிள்ளைக்கும், வறுமையாற் பட்டறை புகுந்த இளைஞனுக்கும் அவ்வாறே.

ஜி.டி.நாயுடு பள்ளியிற் படித்தா மேதையானார் என்று வினவுவாரும் உண்டு. கோவை மண்ணில் இவ்வினா எழாதிருந்தாற்றான் வியப்பு! கலங்கலில் 1893இல் பிறந்த அப்பெருமகனார் பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர் என்பது மெய். ஆயினும் தனியறையில் அமர்ந்து கற்றவரல்லர். பொறிகளைக் கழற்றிப் பூட்டியும், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பேருந்து ஓட்டியும், மனிதர் நடுவே கற்றவர். மதீனாப் பள்ளிவாசலில் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பயின்ற திண்ணைத் தோழர்களும் கூடியிருந்தே கற்றனர்.

நாம் அஞ்சுவது பிறிதொன்றை. மகன் பேருந்தேறிப் பள்ளி செல்ல, மகளுக்கு மட்டும் இணையவழி போதுமென ஒரு வீடு முடிவு செய்யுமாயின், அது கல்வி பற்றிய முடிவன்று. பருவமெய்திய பெண்ணின் படிப்பை நிறுத்திய பழைய வழக்கமே புதுச்சட்டை அணிந்து வருகின்றது. மேலும், 1997 நவம்பர்க் கலவரமும் 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்பும் கண்ட நகரம் இது. அதன்பின் நம் மக்கள் கோட்டைமேடு, கரும்புக்கடை எனச் சில பகுதிகளிலேயே நெருங்கி வாழத் தலைப்பட்டனர். மாற்றுச் சமயப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்ந்து, குறிப்பேடு மாற்றி, பண்டம் பகிர்ந்துண்ணும் வாய்ப்பு நம் சிறார்க்குப் பள்ளியிலன்றி வேறெங்குக் கிட்டும்? அதையும் திரைக்கு ஈடுகொடுத்துவிட்டால் மீட்பது எளிதன்று.

தவிர்க்கவியலாத காரணத்தால் இவ்வழியை மேற்கொள்வோர், பிள்ளையின் விருப்பத்தை முதலிற் கேட்டறிக. ஜமாஅத்துகளும் ஓர் அறையைத் திறந்துவிடலாம். நான்கு கணினிகள், கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்க ஓர் ஆசிரியர், மாலையில் இரண்டு மணி நேரம், பெண் பிள்ளைகளுக்கும் அதே அளவு நேரம். பெருஞ்செலவன்று, ஒரு திருமண விருந்தின் ஒரு பந்திச் செலவே ஓராண்டுக்குப் பெரும்பகுதி போதும்.