மடுவத்துக் கணக்கு: பெருந்தோட்ட அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சர் கௌரவ சமந்த வித்தியாரத்ன அவர்களுக்கு,

பதுளை மாவட்டத்து வாக்குகளோடு பாராளுமன்றம் போனவர் நீங்கள். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை என்று ஊர்ப்பெயர் சொன்னால் வரைபடம் தேட மாட்டீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாட்சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஒவ்வொரு படி ஏறுவதற்கும் எத்தனை இழுபறி! அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று சத்தமில்லாமல் வளர்கிறது. கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. புல் வெட்டுவதும் கொழுந்து எடுப்பதும் குடும்பத்தின் பாடு. எடுத்த கொழுந்து அதே கம்பனியின் பெக்டரிக்குப் போக வேண்டும். நாளுக்குச் சம்பளம் என்பது போய், கிலோவுக்குக் காசு. வெளியக உற்பத்தி முறை என்கிறார்கள், வருமானப் பகிர்வு என்கிறார்கள். நாட்சம்பளத்துக்கு மாற்று இதுதான் என்று தோட்டத்துரைமார் சங்கம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது.

எனக்கு இந்த முறையில் விரோதம் இல்லை. இந்த நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிறுபற்று நிலக்காரரின் கையிலிருந்துதான் வருகிறது. தன் செடி என்றால் கவ்வாத்துக் கத்தியும் பார்த்துத்தான் விழும். நான் கேட்பது ஒன்றுதான். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவரை இன்று சரக்குத் தருபவர் ஆக்கினால், சரக்குத் தருபவருக்கு உள்ள உரிமையையும் கொடுக்க வேண்டும். இப்போது நடப்பது என்னவென்றால், தொழிலாளிக்குரியது பாதி போய்விட்டது, வியாபாரிக்குரியது இன்னும் வந்து சேரவில்லை.

எல்லப் பக்கத்தில் சொந்தக் காணியில் தேயிலை வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியைப் பாருங்கள். அவர் கொழுந்துக்கு விலை வைப்பது பெக்டரிக்காரரின் மனசு இல்லை. பெக்டரி அந்த மாதம் கொழும்பு ஏலத்தில் பெற்ற நிகர சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு. இது நாடறிந்த கணக்கு. மேற்பார்க்கத் தேயிலைச் சபை இருக்கிறது. ஒரு கிலோ தேயிலை 1,000 ரூபாவுக்குப் போனால் 680 ரூபா கொழுந்துக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்று வைத்தால், கொழுந்து கிலோவுக்கு 150 ரூபா பக்கம் வரும். படிக்காதவரும் விரல் மடக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

லயத்திலிருந்து துண்டு மலை பார்க்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எட்டவில்லை. காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. குடும்பத்தின் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்குத் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவும் மீள்நடுகை மானியமும் தூரத்துப் பச்சைதான். அதே 68 வீதத்தை அப்படியே தாருங்கள் என்று கேட்கவும் மாட்டேன். செடி கம்பனியுடையது, காணிக்குக் குத்தகை கட்டுவதும் கம்பனி. அதைக் கழிக்கட்டும். கழித்தபின் எத்தனை வீதம், ஏன் அத்தனை வீதம் என்பது குடும்பத்துக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் இருக்கட்டும். ஏல விலையோடு கட்டப்பட்ட வீதமாக இருக்கட்டும்.

ஊவாவுக்கு இது மற்ற மாகாணங்களைவிடப் பெரிய விஷயம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது நம் மலைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மண் காய்கிறது, கொழுந்து சிறுத்து மெதுவாக வருகிறது. அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசனை ஏறுகிறது, நல்ல தேயிலைக்கு ஏலத்தில் விலையும் ஏறுகிறது. கிலோவுக்கு மாறாத விலை என்று பேசிய குடும்பத்துக்கு அந்த மூன்று மாதமும் பட்டினி மாதம்: கிலோ குறைகிறது, காசு அதோடு குறைகிறது. அதே மூன்று மாதம் பெக்டரிக்கு அறுவடை மாதம். காற்றையும் வெயிலையும் மலையில் நின்று வாங்கியவருக்கு, அது கொண்டுவந்த விலையில் பங்கு இல்லை என்பது எந்தக் கணக்கில் சேரும்? மாதாமாதம் ஏல விலையைப் பார்த்துக் கொழுந்து விலை போட்டால் இந்தக் கோணல் தானாக நிமிர்ந்துவிடும்.

அடுத்தது தராசு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தண்ணிக்கழிவு, கூடைக்கழிவு என்று கிலோ வெட்டுவது எங்கள் பாட்டன் காலத்துப் புகார். நாட்சம்பளத்தில் வெட்டினால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் சம்பளம், என்று சண்டை போடலாம், தொழிற்சங்கத் தலைவர் வந்து துரையிடம் பேசுவார். கிலோ விலையில் வெட்டினால் அது நேரே சோற்றில் வெட்டு. பேச வருவது யார்? தொழிற்சங்கமும் சந்தாப் பிடிக்காத ஆளுக்கு எதற்கு என்று ஒதுங்குகிறது. குடும்பத்தின் கண்ணெதிரே நிறுத்து, கழிவு எவ்வளவு என்று எழுதிய துண்டு அன்றன்றே கையில் தர வேண்டும். காசு, கொழுந்து எடுத்த பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். துண்டு மலை கணவன் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும் கூடையைச் சுமப்பது அவள்.

நாள் தவறாத கொடுப்பனவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழும்பு ஏலத்தில் தேயிலை வாங்குகிறவர் குறித்த நாளில் பணம் கட்டியே ஆகவேண்டும். அந்த ஒழுங்கு கொழும்பிலிருந்து மலை ஏறினால் போதும்.

நட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளையை என்ன செய்தது என்று நீங்களே நேரில் கண்டிருப்பீர்கள். மலை சரிந்தால் சம்பளக்காரருக்கு வேலை போகும்; துண்டு மலைக்காரருக்கு வேலையோடு போட்ட உரமும் உழைப்பும் போகும், உர முற்பணத்தின் கடன் மட்டும் தங்கும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கொழுந்து எப்படி விழுந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. இப்படியான அடிகளைத் தாங்கக் கம்பனிக்குக் கையிருப்பும் வங்கியும் உண்டு. லயத்துக் குடும்பத்துக்கு அடகுக்கடைதான் உண்டு. ஆகவே பேரிடர் நேர்ந்த மாதத்தில் உரக்கடன் அறவீடு நிற்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியும் பிரசவக் கொடுப்பனவும் துண்டு மலை எடுத்ததால் அறுந்துபோகக் கூடாது.

முடியாத காரியம் என்று கம்பனிகள் சொல்லலாம். கென்யாவில் 1964இல் தொடங்கிய தேயிலை அபிவிருத்தி நிறுவனத்தின் கீழ் சிறு விவசாயிகள் மாதாமாதம் ஒரு தொகையும், வருட முடிவில் தேயிலை விற்ற விலையைப் பார்த்து இன்னொரு தொகையும் வாங்குகிறார்கள். பெக்டரிகளின் பங்குதாரர்களும் அவர்களே. அங்கேயும் ஊழல் புகார்களுக்குக் குறைவில்லை, சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தோடு கப்பலேறிய எங்கள் சொந்தங்கள் குடியேறிய நீலகிரியிலும் சிறு விவசாயிக்கும் பெக்டரிக்கும் இடையே சட்டப்படியான விலைப் பங்கீடு இருக்கிறது. நம் நாட்டிலேயே மரக்கறிக்கு ஓர் உதாரணம் உண்டு. 1999இல் கார்கில்ஸ் நிறுவனம் ஹங்குரன்கெத்தவில் சேகரிப்பு நிலையம் திறந்து விவசாயியிடம் நேரே வாங்கத் தொடங்கியது. பெரிய நிறுவனம் சிறியவரிடம் நேரே கொள்முதல் செய்து நொடித்துப் போய்விடவில்லை.

உங்களிடம் அதிகாரம் இல்லாமல் இல்லை. 1992இல் அரசாங்கத் தோட்டங்கள் 22 கம்பனிகளின் கைக்குப் போனாலும் அவற்றுக்குக் கிடைத்தது குத்தகைதான்; 1992இலிருந்து 53 வருடம், 2045இல் முடிகிறது. ஒவ்வொரு கம்பனியிலும் அரசாங்கம் ஒரு தங்கப் பங்கை வைத்துக்கொண்டது. அது திறைசேரிச் செயலாளர் கையில் இருக்கிறது. அந்தப் பங்கின் பலத்தில், இரண்டு வார முன்னறிவித்தல் கொடுத்துக் கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம். புதுச் சட்டம் எழுதிப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. திறைசேரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். துண்டு மலைக் கொழுந்து வாங்கும் ஊவாத் தோட்டங்களில், சென்ற ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதப் புத்தகங்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஏலத்தில் பெற்ற விலையை ஒரு பத்தியிலும் குடும்பத்துக்குக் கொடுத்த விலையை அடுத்த பத்தியிலும் எழுதிப் பதுளைக் கச்சேரியின் அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பசறைத் தோட்டமொன்றில் பிறந்தவன்