பிரிட்ஜ் வாங்க முன்னர் வயரைப் பாருங்கள்



கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது கிழக்குக் கரையில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது புதிதல்ல. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அது 50 பாகைக்கு மேலும் போகும். இப்படியான வேன்களில்தான் இப்போது பலர் சிறிய பிரிட்ஜ் ஒன்றும் அதற்கென்று இரண்டாவது பெட்டரி ஒன்றும் பூட்டுகிறார்கள். கொழும்புக்கு கிளினிக் போகிறவர்களை ஏற்றும் வேன்காரர்கள், "நம்மட வேனில பிரிட்ஜ் இருக்கு, இன்சுலின யோசிக்காம கொண்டு வாங்க" என்று சொல்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால், சீனி வருத்தம் உள்ள ஓர் உம்மாவின் ஒரு மாத மருந்து உங்கள் கையில் அமானிதமாக வந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் நாம் கேட்கும் ஒரே கேள்வி "எத்தனை அம்பியர் பெட்டரி?" என்பதுதான். நமது வெக்கைக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. காற்றோட்டம், வயரின் தடிப்பு, பியூஸ் ஆகிய மூன்றையும் சரி செய்யாமல் பெரிய பெட்டரிக்குக் காசு கொடுப்பது ஓட்டை வாளிக்குத் தண்ணீர் அள்ளுவது போன்றது.

கணக்கைப் பாருங்கள். 40, 50 லீற்றர் கொள்ளும் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஒன்று ஓடும்போது ஏறக்குறைய நாலரை அம்பியர் எடுக்கும். குளிர்ந்த இடத்தில் கம்ப்ரசர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடினால் போதும். அப்படியென்றால் 24 மணித்தியாலத்துக்கு 36 அம்பியர் மணி. அதே பிரிட்ஜ் வெந்து கிடக்கும் வேனுக்குள் 60 வீதமான நேரம் ஓட வேண்டி வந்தால் 65 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் ஈய அமில பெட்டரியில், அது நீண்டகாலம் உழைக்க வேண்டுமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, நிழலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் அதே பெட்டரி வெயிலில் தாக்குப்பிடிக்காது. வித்தியாசம் பெட்டரியில் இல்லை, வேனை நிறுத்திய இடத்தில் இருக்கிறது.

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய வெப்பம் போக இடம் வேண்டும். அதன் பக்கவாட்டில் காற்றுப் போகும் துவாரங்களை அடைத்து ட்ராவலிங் பேக்கையும் பாயையும் அடுக்கி வைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். துவாரத்துக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக்கு வெயில் மறைப்புப் போடுங்கள். வீட்டிலேயே முதல் நாள் இரவு கரண்டில் குளிர வைத்து ஏற்றுங்கள். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

இனி வயர். சாதாரண தரம் படித்த எவருக்கும் ஓமின் விதி ஞாபகம் இருக்கும். முன்னால் பெட்டரியிலிருந்து பின்னால் பிரிட்ஜ் வரைக்கும் 5 மீற்றர் என்றால், போய் வர 10 மீற்றர் செப்புக் கம்பி. 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 அம்பியர் ஓடும்போது வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பெட்டரியில் 12 வோல்ட் இருக்கும், பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.4 தான். பெட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து பிரிட்ஜ் தானாக நின்றுவிடும். நாமோ பெட்டரியைக் குறை சொல்லி அடுத்த பெட்டரி வாங்குவோம். 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது பெட்டரியைப் பின்னால் வைத்தால், அதைச் சார்ஜ் பண்ணும் வயருக்கு அந்தத் தடிப்பும் போதாது. அதில் 25 அம்பியர் வரை ஓடலாம். 16 சதுர மில்லிமீற்றராவது வேண்டும். மெல்லிய வயரில் பெட்டரி ஒருநாளும் நிரம்பாது. அரைகுறையாகவே கிடக்கும் ஈய அமில பெட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

இரண்டு பெட்டரியையும் சும்மா ஒரு வயரால் இணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரவில் பிரிட்ஜ் இரண்டையும் சேர்த்துக் குடித்துவிடும். காலையில் கொழும்பில் வேன் ஸ்டார்ட் ஆகாது. நடுவில் ஒரு ஐசோலேட்டர் வேண்டும். என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் சாதனம் அது. எரிபொருளை மிச்சப்படுத்த அல்டர்னேட்டரின் வோல்ட்டைக் குறைத்துக் கூட்டும் புதிய வாகனங்களுக்கு அதுவும் சரிவராது, டீசி டு டீசி சார்ஜர்தான் போட வேண்டும்.

"லித்தியம் போட்டால் பிரச்சினை இல்லையே" என்று கேட்பீர்கள். லித்தியம் நல்ல பெட்டரிதான். பாரம் குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியை எடுக்கலாம். ஆனால் வெக்கை அதற்கும் எதிரிதான். பல லித்தியம் பெட்டரிகள் 45 பாகைக்கு மேல் சூடேறினால் சார்ஜ் ஏற விடமாட்டா. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று நிறுத்திவிடும். ஈய அமில பெட்டரி நிறுத்தாது, மெதுவாகச் சாகும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு. எதைப் போட்டாலும் என்ஜின் பக்கத்திலோ, நேர் வெயில் படும் கண்ணாடிக்குக் கீழேயோ வைக்காதீர்கள்.

காசை விடப் பெரிய விடயம் உயிர். பின்னால் நோயாளியும் பிள்ளைகளும் இருக்கும் வேனில், பியூஸ் இல்லாத தடித்த வயர் ஒன்று உரசி பொடியில் பட்டால் தீதான். இரண்டு பெட்டரிக்கும் நடுவில் ஓடும் வயரில் இரண்டு முனையிலும் பியூஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் கரண்ட் இரண்டு பக்கமிருந்தும் வரும். பியூஸ் பெட்டரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பெட்டரியை ஆட்கள் இருக்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஐதரசன் வாயு வரும், சரிந்தால் அமிலம் கொட்டும். உள்ளே வைப்பதென்றால் சீல் பண்ணிய பெட்டரியை, அசையாமல் கட்டி, காற்றோட்டத்தோடு வையுங்கள்.

கடைசியாக இன்சுலின். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். சூட்டைப் பற்றி மட்டும் பயப்படுகிறோம். உறைந்தாலும் அது பழுதுதான், பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது. இந்தப் பிரிட்ஜ்களில் சுவரோடு ஒட்டிய இடம் திரையில் காட்டும் பாகையை விடக் குளிராக இருக்கலாம். 5 பாகையில் வைத்து, மருந்தைத் துணியில் சுற்றி, சுவரில் படாமல் நடுவில் வையுங்கள். தனியாக ஒரு சிறிய வெப்பமானியும் உள்ளே இருக்கட்டும்.

எல்லோருக்கும் பிரிட்ஜ் தேவையுமில்லை. பாவனையில் இருக்கும் இன்சுலினை 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வைத்திருக்கலாம். மருந்துக்கு மருந்து நாள் வேறுபடும், பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள். ஒருநாள் பயணத்துக்கு ரெஜிபோம் பெட்டியும், துணி சுற்றிய ஐஸ் பக்கற்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பும் போதும். ஐஸ் உருகினால் கண்ணுக்குத் தெரியும். பிரிட்ஜ் நின்றால், திறந்து பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே வேன் வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். "பிரிட்ஜ் இருக்கு" என்று சொல்ல முன்னர் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். உள்ளே நாலு தண்ணீர்ப் போத்தலும் ஒரு வெப்பமானியும் வைத்து, பகல் 11 மணியிலிருந்து 5 மணி வரை என்ஜினை நிறுத்தி விடுங்கள். மணிக்கொரு தடவை பாகையை எழுதுங்கள். 8 ஐத் தாண்டாவிட்டால், அடுத்த நாள் காலை வேனும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால், தைரியமாக மருந்தை ஏற்றுங்கள். தாண்டினால் காற்றையும் வயரையும் முதலில் பாருங்கள். பயணம் போகிறவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்: "நீங்க சோதிச்சுப் பார்த்தீங்களா?"