தொலைந்ததா, பறிக்கப்பட்டதா?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். தாராவியிலிருந்து கட்டட வேலைக்குச் சென்று திரும்பும் நம் தோழர் ஒருவர், லோக்கல் ரயிலில் வாசல் ஓரம் நின்றபடி, திருநெல்வேலியிலிருக்கும் தாயாரோடு செல்போனில் பேசிக்கொண்டு வந்தார். நிலையம் நெருங்கி வண்டி வேகம் குறைந்தது. தண்டவாளத்தின் ஓரம் காத்து நின்ற ஒருவன் தடியால் அவர் கையில் ஓங்கி அடித்தான். போன் கீழே விழுந்தது. பொறுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மும்பையில் இந்தத் தொழிலுக்கு 'ஃபட்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வீங்கிய கையோடு தோழர் புகார் கொடுக்கப் போனார். முதலில் போன இடத்தில், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் மராத்தியில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் அந்தத் தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தோம். 'சோரி' என்ற சொல்லே அதில் இல்லை. 'கஹாள்' என்று எழுதியிருந்தது. காணாமற் போனது என்று பொருள். தடியால் அடித்துப் பறித்தது, தானாகவே தொலைத்ததாக மாறிவிட்டது!

இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

செல்போன் இன்று வசதி படைத்தவரின் விளையாட்டுப் பொருள் அல்ல. மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவது அதில். கூலி வங்கியில் விழுந்த செய்தி வருவது அதில். ஆதார் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. அதில். ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி வருவதும் அதில்தான். பத்தாயிரம் ரூபாய் போன் பறிபோனால் ஏழை வீட்டில் போவது பத்தாயிரம் மட்டுமல்ல. அடுத்த நான்கு நாள் வேலையும் சேர்ந்து போகிறது. வாசலில் நின்றவர்கள் அடிபட்டுக் கீழே விழுந்து காலை இழந்ததும் உண்டு, உயிரை இழந்ததும் உண்டு.

'தொலைந்தது' என்று எழுதினால் காவல் நிலையத்தில் ஒரு குற்றம் குறைகிறது. கணக்கு அழகாகிறது. ஆனால் குற்றம் எந்த வளைவில், எந்தப் பாலத்தடியில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. கணக்கில் இல்லாத இடத்துக்கு விளக்கு வராது, காவலரும் வரமாட்டார். திருடனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, கையிலிருந்து பறிப்பதைத் தனிக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அடித்துப் பறித்தால் அது வழிப்பறி. 309ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. அதே நாளில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆகவே "எங்கள் எல்லை இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது சந்தை. பறித்தவன் அந்தப் போனை வைத்துக்கொள்வதில்லை, விற்கிறான். வாங்க ஆள் இருப்பதால்தான் பறிக்க ஆள் இருக்கிறான். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. அதைக் கொண்டு திருட்டுப் போனை நாடு முழுவதும் எந்தக் கம்பெனி சிம்மும் வேலை செய்யாதபடி முடக்கும் சி.இ.ஐ.ஆர். ஏற்பாடு 2019இல் மும்பையில்தான் முதலில் தொடங்கியது. 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' வழியாக நாடெங்கும் வந்தது. முடக்கிய போனில் எவனாவது சிம் போட்டால் தகவல் கிடைக்கும். அந்த எண்ணை மாற்றி எழுதுவோருக்கு 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பூட்டு மட்டும் போதுமா? வெளிநாட்டு அனுபவத்தைப் பார்ப்போம். உரியவர் கடவுச்சொல் இல்லாமல் திறக்காத பூட்டை ஆப்பிள் கம்பெனி 2013இல் கொண்டுவந்தது. அடுத்த ஓராண்டில் சான்பிரான்சிஸ்கோவில் ஐபோன் திருட்டு 40 சதவீதமும், நியூயார்க்கில் 25 சதவீதமும் குறைந்தன. லண்டனிலும் அப்போது போன் திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதே லண்டனில் 2024இல் பறிபோன போன்கள் சுமார் 80,000! காரணம், அங்கே முடக்கிய போன் கடல் கடந்து போனால் வேலை செய்கிறது. உதிரி பாகங்களாகவும் விலை போகிறது. வாங்குகிறவனின் கடை திறந்திருக்கும் வரை எந்தப் பூட்டும் பாதிப் பூட்டுதான்.

ஆகவே அரசையும் ரயில்வேயையும் மாநகராட்சியையும் நாம் வலியுறுத்துவது இவை: பறிப்பைப் பறிப்பென்றே பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த இடத்தில் எத்தனை என்பதை மாதந்தோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த இடங்களில் தண்டவாள ஓரம் சுவரும் விளக்கும் காவலும் வேண்டும். பழைய போன் வாங்கும் கடை ஒவ்வொன்றும் விற்றவரின் அடையாளத்தையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ரசீது தர வேண்டும். வண்டிகளை அதிகமாக்க வேண்டும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வாசலில் தொங்கிச் சென்றவர்கள் விழுந்து மாண்டார்களே, அவர்கள் ஆசைக்கா தொங்கினார்கள்? உள்ளே இடமில்லாதவன்தான் வாசலில் நிற்கிறான். வாசலில் நிற்பவன் கைதான் தடிக்கு எட்டுகிறது.

நம் வீடுகளிலும் செய்ய வேண்டியவை உண்டு. இன்றே *#06# அழுத்தி, வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, போன் வாங்கிய பில்லோடு வையுங்கள். பறிபோனால் முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் நிறுத்துங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930க்கு உடனே சொல்லுங்கள். பிறகு புகார், அதே எண்ணில் புது சிம், அதன்பின் முடக்கம். ஓடும் வண்டியிலிருந்து குதித்துத் துரத்த வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று பில் இல்லாத போனை வாங்க வேண்டாம். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் அது எப்படிப்பட்ட போன் என்று பதில் வரும். நாம் வாங்கும் திருட்டுப் போன் இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடித்துப் பறித்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட பையனைக் கூடி நின்று அடிப்பது நியாயமல்ல. திருட்டு என்றதும் குடிசைவாசியையும் வெளியூர்க்காரனையும் கைகாட்டும் நகரம் இது. அந்தக் கை நம்மை நோக்கியும் நீண்ட காலத்தை நம் பெரியவர்கள் கண்டவர்கள். தண்டவாளத்தில் தடியோடு நிற்கும் பையன் அகப்படுகிறான். அவனிடம் வாங்கி எல்லை கடத்துகிற பெரிய வியாபாரி அகப்படுவதில்லை. பையனைக் காவலரிடம் ஒப்படைப்போம். வியாபாரியைப் பிடிக்கச் சொல்லிக் கேட்போம்.

தோழரின் வழக்கு என்னவாயிற்று? சங்கத்தார் ஐந்து பேர் அவரோடு மீண்டும் போனோம். இரண்டு மணி நேரம் நின்றோம். முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. நகலும் கையில் வந்தது. போன் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வளைவில் ஒரு குற்றம் நடந்தது என்பது இப்போது அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கிறது.

தமிழ்ப் பெருமக்களே! தனியாகப் போகாதீர்கள். மராத்தி படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'கஹாள்' என்று எழுதினால் பேனாவைக் கீழே வையுங்கள். 'சோரி' என்று எழுதச் சொல்லுங்கள்!