சேணங்களின் வழக்கு

ஒரு கலையில் வல்லவர் அதன் அயற்கலையில் வல்லவரை எளிதில் மதிப்பதில்லை. வித்துவான்கள் கூடுமிடங்களில் இதனை நாம் கண்டிருக்கின்றோம். குதிரையேறுவோரிடத்தும் இவ்வழக்கு உண்டு.

நம்மவர்க்குக் குதிரை என்றால் நுவரெலியாப் பந்தயமே நினைவில் எழும். மேனாடுகளிலோ குதிரையேற்றம் பல துறைகளாகக் கிளைத்துள்ளது. அரங்கினுள் அளந்த நடையிற் குதிரையைச் செலுத்துவது டிரெஸாஜ். அதனைப் பயில்வோருக்குத் தடை தாண்டுவோர் முரடராய்த் தோன்றுவர். தடை தாண்டுவோரோ அவர்களைச் சர்க்கஸ்காரர் என நகைப்பர். அமெரிக்க மாட்டிடையரின் பெரிய சேணத்தைக் கண்டால் இருசாராரும் முகஞ்சுளிப்பர். நாள் முழுவதும் மந்தையின் பின் செல்பவனுக்கு அகன்ற சேணமும் நீண்ட அங்கவடியும் வேண்டும். ஒரு கை சுருக்குக் கயிற்றுக்கு ஆதலின், மற்றக் கை ஒன்றாலேயே அவன் கடிவாளத்தை ஆள்கின்றான். தொழில் வகுத்த முறையை அறியாமை என்று பழிப்பது எவ்வாறு பொருந்தும்?

இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடரிகோ கப்ரில்லி (1868–1907) என்பாரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அவர் காலத்தில் தடை தாண்டும்போது வீரன் பின்னே சாய்ந்து கடிவாளத்தை இழுப்பதே முறை. குதிரையின் வாய் நோகும், முதுகு நோகும். ஆளேறாத குதிரை எவ்வாறு தாவுகின்றதென்று கப்ரில்லி கூர்ந்து நோக்கினார். அது கழுத்தை நீட்டித் தாவி முன்னங்காலில் இறங்குவதைக் கண்டு, அங்கவடியைக் குறுக்கி, உடலை முன்சாய்த்து, குதிரையோடு இசைந்து செல்லும் இருக்கையை வகுத்தார். பழைய ஆசிரியர் பலர் எதிர்த்தனர். பின்னர்ப் பிறநாட்டு அதிகாரிகளே இத்தாலிக்கு வந்து கற்றுச் சென்றனர். இன்று தடை தாண்டுவோர் அனைவரும் அவர் வழியினரே.

அவ்வளவு கூரிய அறிஞரும் ஒன்றில் தவறினார் என்பது எமது கருத்து. அரங்கப் பயிற்சியும் வெளிநிலச் சவாரியும் ஒன்றையொன்று கெடுக்கும் பகைகள் என்று அவர் உறுதியாக நம்பினார். இருதுபன்னனும் நளனும் பரிநூலையும் எண்ணும் வித்தையையும் தம்முள் மாற்றிக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாயிருக்கிறது. அவர் மறைந்து ஐந்தாண்டுகளில், 1912இல், ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் முத்துறைப் போட்டி தொடங்கிற்று. படைக்குதிரையைச் சோதிக்க எழுந்த இப்போட்டியில் டிரெஸாஜ், வெளிநில ஓட்டம், தடை தாண்டல் மூன்றையும் ஒரே குதிரையில் ஒரே வீரன் முடித்தல் வேண்டும். புள்ளிகள் ஒன்றாகவே கூட்டப்படும். முதலில் நீண்ட அங்கவடியில் நிமிர்ந்திருந்தவனே, பின்னர் அதனைக் குறுக்கி வேலியும் நீர்நிலையும் தாண்டுகின்றான். அரங்கிற் கற்ற கீழ்ப்படிவு இல்லையேல் வேலியின் முன்னே வேகத்தை அடக்க முடியாது. தாவும் துணிவு இல்லையேல் அரங்கில் ஆடிய அழகு அங்கே உதவாது.

வெளிநில ஓட்டத்தின் பின், தடை தாண்டலுக்கு முன்னர், ஒரு பரிசோதனை நடைபெறும். வீரன் தரையில் நின்று கடிவாளத்தைப் பற்றித் தன் குதிரையை நடுவர் முன் ஓட்டிக் காட்டுவான். கால் நொண்டுகின்றதா என்பதே பார்க்கப்படும். அவ்வேளை அதன் முதுகில் எந்தச் சேணமும் இராது.