இடையில் நிற்கும் பிள்ளையை யார் தேடுவது?

ஆரணியில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்த பிறகே அடுத்த ஊடையை ஓட்டுவார். நம் கல்லூரிகளில் ஒரு பிள்ளை அறுந்து போனால் அந்த அக்கறை இருக்கிறதா?

இல்லை என்பதே கசப்பான உண்மை. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதுதான் 75 சதவீத வருகை இல்லாதோர் பட்டியல் பலகையில் ஒட்டப்படுகிறது. அதற்குள் பையன் ஏதோ ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். அல்லது பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருப்பான். தந்தைக்கு நோயா, கட்டணம் கட்ட வழியில்லையா, ஆங்கிலப் பாடம் புரியவில்லையா? கேட்டவர் யாருமில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு எழுதியது. அந்தத் தடையைத் தாண்டிக் கல்லூரி வாசல்வரை வந்தவனையும் நழுவ விடுகிறோம்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏழைகளும் கறுப்பின மாணவர்களும் பெருமளவில் படிக்கும் இடம். 2003ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் 32 சதவீதமே. 2012இல் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் பாடத் தேர்வையும் கம்ப்யூட்டர் நாள்தோறும் கவனித்து, சறுக்கல் தெரிந்தால் ஆலோசகருக்குச் சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். சிறு தொகை பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்கு அந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே கொடுத்தது. சில ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் 50 சதவீதத்தைத் தாண்டினர். கம்ப்யூட்டர் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அது சொன்னவுடன் மாணவனைக் கூப்பிட்டுப் பேச ஆள் இருந்தது.

இதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் சில பெரிய பல்கலைக்கழகங்களில் இத்தகைய மென்பொருள் மாணவரின் இனத்தையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, கறுப்பின மாணவர்களை ‘தேறமாட்டார்கள்’ என்ற வரிசையில் அதிகமாகத் தள்ளியதை 2021இல் தி மார்க்கப் என்ற பத்திரிகை அம்பலப்படுத்தியது. பெயரை வைத்தே சந்தேகிக்கப்பட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நம் கல்லூரிகள் இப்படியொரு பதிவேட்டைத் தொடங்கினால் அதில் வருகை, மதிப்பெண், கட்டண பாக்கி ஆகியவை மட்டும் இருக்கட்டும். வகுப்பாசிரியரும் முதல்வரும் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. தன்னைப் பற்றி எழுதியிருப்பதை மாணவன் படித்துப் பார்க்க உரிமை வேண்டும்.

அரசிடம் பதிவேடு இல்லாமல் இல்லை. பள்ளிக்கு எமிஸ், கல்லூரிக்கு யுமிஸ் என்று எண்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு 2022இல் புதுமைப் பெண், மாணவருக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் தொடங்கப்பட்டதும் இப்படிப்பட்ட பதிவுகளை நம்பித்தான். ஆனால் திங்கட்கிழமை வராதவன் ஏன் வரவில்லை என்பது சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உள்ளூரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் வந்தது. வணிகப் பெருமக்கள் அள்ளிக் கொடுத்துக் கட்டிய கல்விக்கூடங்கள் இவை. அந்த வழியில் வந்த வியாபாரிகளிடம் இன்று நாம் கேட்பது கட்டிடம் அல்ல. மூன்று வாரம் தொடர்ந்து வராத மாணவனின் வீட்டுக்குச் சென்று வர ஒரு ஆசிரியருக்குப் பயணச் செலவு. தேர்வுக் கட்டணத்துக்குத் தவிக்கும் பிள்ளைக்கு உடனே எடுத்துக் கொடுக்க ஒரு சிறு நிதி. ஜமாஅத்தின் பைத்துல்மால் நினைத்தால் முடியாதா?

இன்னொன்றும் கேட்கிறோம், கோபப்படாதீர்கள். இரண்டாமாண்டு படிக்கும் பையன் கடையில் வேலை கேட்டு வரும்போது, ‘நல்ல பையன், கணக்கு எழுதுவான், சம்பளமும் குறைவு’ என்று சேர்த்துக்கொள்கிறோமே, அப்போது அவன் கல்லூரிக்கு ஒரு போன் போட்டோமா? மாலை நேர வேலை கொடுத்து, காலையில் வகுப்புக்கு அனுப்பக்கூடாதா?

வாலிபர்களே, உங்களோடு முதலாண்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்போது எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய பெயரை முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.