ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள்

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. "நடந்தா மட்டும் பத்தாது டீச்சர், தசைக்கு வேலை கொடுங்க" என்றார் டாக்டர். பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போனேன். பயிற்சி தரும் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரோஸ் கலரில் அரைக் கிலோ டம்பெல்ஸ் ஒரு ஜோடியை வாங்க வைத்து, "உங்களுக்கு இது போதும்மா" என்றார். 4 மாதம் தூக்கினேன். சுவர் விடவில்லை.

அரைக் கிலோ! மதுரையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த பெண்கள் நாங்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் 12, 15 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று மாடி ஏறியவளுக்கு அரைக் கிலோவா?

அதே ஜிம்மில் என் தங்கை பேரனும் சேர்ந்தான். கல்லூரி முதலாம் ஆண்டு. "வாட்டசாட்டமா இருக்கே, ஏத்துடா" என்று தட்டு மேல் தட்டாக மாட்டிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் இடுப்பு பிடித்து, ஒரு மாதம் படுக்கை.

எனக்குக் குறைத்ததும் அவனுக்குக் கூட்டியதும் ஒரே தப்பு. என் நரையைப் பார்த்தார்கள், அவன் தோளைப் பார்த்தார்கள். தூக்கவைத்துப் பார்க்கவில்லை. வகுப்பில் புதுப் பிள்ளை சேர்ந்தால் முதலில் வாசிக்கச் சொல்லிப் பார்ப்போம். உயரத்தைப் பார்த்தா பாடம் நடத்துவோம்?

உடனே சிலர் இளவட்டக்கல்லை இழுத்துக்கொண்டு வருவீர்கள். அந்தக் கல்லைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்துக் கிராமங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். சரி, ஆனால் அது பரீட்சை ஐயா. தினமும் பரீட்சை வைத்தால் பிள்ளை எப்போது படிப்பான்? நாங்குநேரி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அங்கேயே பல எடையில் கற்கள் கிடக்கின்றன, பெண்களும் தூக்குகிறார்கள். கர்லாக்கட்டையும் இலேசான கட்டையில் தொடங்கிக் கனமானதுக்குப் போவதுதானே?

1940களில் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். ஒருவரால் 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று தூக்கவைத்தே கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் பயிற்சி. இன்றைக்கும் வழி ஏறக்குறைய அதுதான். முறை கெடாமல், மூச்சை அடக்காமல் 10, 12 தடவை முடிய வேண்டும். கடைசி இரண்டு மூன்று சிரமமாக இருக்க வேண்டும். ஐந்திலேயே உடம்பு கோணினால் எடை அதிகம். பேசிக்கொண்டே இருபது வந்தால் அது பயிற்சியே இல்லை. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு சுலபமாக வந்தால் 2 முதல் 10 சதவீதம் கூட்டலாம் என்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. 65 தாண்டியவர்களும் வாரம் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், அதுவும் மிதமான கடுமைக்குக் குறையாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லிவிட்டது. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. 1 கிலோ டம்பெல்ஸிலிருந்து 2 கிலோவுக்குப் போனால் அது 100 சதவீத உயர்வு. யார் கை தாங்கும்? அதனால் நான் ஜிம்மை விட்டுவிட்டு மஞ்சப்பைக்கு மாறினேன். அண்ணாச்சி கடையில் 3 கிலோ அரிசி நிறுத்துப் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். சுலபமானதும் கால் கிலோ சேர்த்தேன். 8 சதவீதம்தான். தேதி, எடை, எண்ணிக்கை எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஜிம் வைத்திருக்கும் தம்பிமார்களே, மாதாமாதம் பணம் வாங்குகிறீர்களே, ஆளுக்கொரு நோட்டு போட்டீர்களா?

இப்போது என் பை நாலே முக்கால் கிலோ. சுவரைத் தொடாமல் எழுகிறேன். ரோஸ் டம்பெல்ஸ் இரண்டும் மாடிக் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவுகின்றன. தங்கை பேரன் மட்டும் இன்னும் குனிந்து ஷூ லேஸ் கட்டப் பயப்படுகிறான்.