மாத்திரையை மாத்தாதீங்க, டெஸ்ட்டைப் பக்கத்துல கொண்டு வாங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க வீட்டில் யாராவது அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுறாங்கன்னா பொறுமையா கடைசி வரை படிங்க.

போன மாசம் ஒரு நைட் டியூட்டி. முப்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்களை வலது கை கால் விளங்காம, பேச்சும் வராம தூக்கிட்டு வந்தாங்க. பிபி இல்லை, சுகர் இல்லை. பல்ஸ் பிடிச்சதுமே தெரிஞ்சது, துடிப்பில் ஒழுங்கே இல்லை. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கணவர் மஞ்சப்பையிலிருந்து பழைய சீட்டெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த எக்கோவிலேயே மைட்ரல் வால்வு சுருக்கம்னு இருக்கு. அசிட்ரோம் சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. நாலு மாசம் முன்னாடி ஒரு இடத்தில் "இந்தப் புது மாத்திரைக்கு ரத்த டெஸ்ட்டே வேண்டாம்"னு சொல்லி மாத்திக் கொடுத்திருக்காங்க.

"டெஸ்ட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும் டாக்டர். அவளுக்கும் எனக்கும் ஒரு நாள் கூலி போயிடும். புதுசு நல்லதுன்னு நெனச்சோம். ஒரு நாள் கூட விடாம கொடுத்தேன்"னார்.

பழைய மாத்திரையிலேயே இருந்திருந்தா இது நடந்தே இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதை மாத்தியிருக்கவே கூடாது. ஏன்னு சொல்றேன்.

சின்ன வயசில் தொண்டைப் புண் வரும். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்ததா இருந்தா, சில குழந்தைகளுக்கு அதைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாயிடும், இதய வால்வு சரியாகாது. மைட்ரல் வால்வு வருஷக்கணக்கில் தடிச்சு, சுருங்கிக்கிட்டே போகும். ரத்தம் கீழே இறங்க வழியில்லாம இடது மேலறை வீங்கும். வீங்கின அறை ஒழுங்கா சுருங்கி விரியாது, நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். பணக்கார நாடுகளில் இப்போ அரிதாகிப்போன நோய் இது. எங்க வார்டில் இன்னும் இருக்கு, அதுவும் பெரும்பாலும் பெண்களுக்கு.

உறையாம இருக்கத்தான் அசிட்ரோம், வார்ஃபரின். ரெண்டும் ஒரே குடும்பம். அளவு குறைஞ்சா உறையும், கூடினா ரத்தக்கசிவு. அதனால ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட் பார்த்து 2க்கும் 3க்கும் நடுவில் வைக்கணும். இந்தத் தொல்லை இல்லாம வந்தவைதான் ரிவராக்ஸபான், அபிக்ஸபான் வகையறா. வால்வு சுருக்கம் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அவை அருமையான மருந்துகள், மூளையில் ரத்தக்கசிவு வார்ஃபரினை விடக் குறைவு. நானே எழுதுறேன். அதனால இதைப் படிச்சிட்டு யாரும் அதை நிறுத்திடாதீங்க.

அப்போ ருமாட்டிக் வால்வுக்கும் அதையே கொடுக்கலாமே? இதைப் பரிசோதிக்கத்தான் இன்விக்டஸ்னு ஒரு ஆய்வு நடந்தது. நம்ம நாடு உட்பட 24 நாடுகள், 4,500 பேருக்கு மேல, முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய பெண்கள். 2022ல் முடிவு வந்தது. பக்கவாதம், மாரடைப்பு, இதய–ரத்தக்குழாய் சார்ந்த மரணம் எல்லாம் சேர்த்து ரிவராக்ஸபான் பக்கம் 560 பேர், பழைய மாத்திரை பக்கம் 446 பேர். ஆய்வு தொடங்கினப்போ பழைய மாத்திரை எடுத்தவங்களில் மூணில் ஒருத்தருக்குத்தான் ஐஎன்ஆர் சரியா இருந்தது, பிறகும் 65 சதவீதத்தைத் தாண்டலை. இவ்வளவு சுமாரா கவனிச்சும் பழசுதான் ஜெயிச்சது. பெரிய ரத்தக்கசிவிலும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது வேற. குறைஞ்ச மரணங்களில் பெரும்பகுதி பக்கவாதத்தால் வர்றது இல்லை, திடீர் மரணமும் இதயச் செயலிழப்பும்தான். ஏன்? மாசா மாசம் டெஸ்ட்டுக்கு வர்ற நோயாளியை யாரோ ஒருத்தர் பார்க்குறாங்க, கால் வீக்கத்தைக் கவனிக்குறாங்க, அதனாலதான்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. முடிவா நிரூபணமாகலை. ஓபியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது நம்பும்படியாத்தான் இருக்கு.

அதனால என் கருத்து இதுதான். டெஸ்ட் தூரமா இருக்குன்னு மாத்திரையை மாத்துறது தப்பான பக்கம் கை வைக்கிறது. சுகர் பார்க்கிற மாதிரியே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஓரிரு நிமிஷத்தில் ஐஎன்ஆர் சொல்ற மெஷின் இருக்கு. ஸ்ட்ரிப் விலை சுகர் ஸ்ட்ரிப்பை விட அதிகம், உண்மை. ஆனா ஒரு பகுதிக்கு இந்த நோயாளிகள் எத்தனை பேர் இருக்கப் போறாங்க? மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே போகுது. அதே பையில் இந்த மெஷினும் போகட்டும். குறைஞ்சபட்சம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒண்ணு இருக்கட்டும். ஒரு பக்கவாத நோயாளியை ஐசியூவில் வெச்சுப் பார்க்கிற செலவை நான் கண்ணால பார்க்கிறேன்.

இனி வீட்டில் சாப்பிடுறவங்களுக்கு. கீரையே தொடக்கூடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க (முருங்கைக்கீரையை விட்டுட்டு எப்படி வாழ்றது!). திடீர்னு கூட்டாம, திடீர்னு நிறுத்தாம வாரத்துக்கு வாரம் ஒரே அளவா சாப்பிடுங்க. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க, ஐஎன்ஆர் எகிறிடும். பல் பிடுங்கப் போனா முதலிலேயே சொல்லுங்க. குழந்தை பெத்துக்கிற வயசுப் பெண்கள், நாள் தள்ளிப் போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட வாங்க. இந்த மாத்திரை ஆரம்ப மாதங்களில் கருவைப் பாதிக்கலாம். ஆனா நீங்களா நிறுத்தவும் கூடாது. செயற்கை உலோக வால்வு வெச்சவங்களும் புது மாத்திரைக்கு மாறக்கூடாது. டபிகட்ரானை வெச்சு முயற்சி பண்ணின ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாச்சு.

உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐஎன்ஆர் பார்க்கிறாங்களா? இல்லைன்னா எவ்வளவு தூரம் போறீங்க? மாவட்டத்தோட கமெண்ட்ல போடுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒரு மனுவா எழுதலாம்னு இருக்கேன்.